ஃபேக் ஃபேமஸ்: வேலையைக் காட்டாமல் விட்ட படம்

பொங்கலுக்குத் திருப்பூர் போயிருந்தபோது அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இவ பி.காம். முடிச்சிட்டு வேலைக்குப் போகமாட்டாளாம். இன்ஸ்டாவுல வீடியோ போட்டே சம்பாதிக்கப் போறாளாம். நீ சொன்னா கேப்பா. கம்ப்யூட்டர்லதானே இருக்கே, கொஞ்சம் எடுத்துச் சொல்லுடா."

கம்ப்யூட்டரில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டில் இருபது வருட நம்பிக்கை. பிரிண்டர் மக்கர் செய்வது முதல் ஆதாரில் பெயர் திருத்துவது வரை என் துறைதான். இப்போது இன்ஃப்ளுயன்சர் தொழிலும் சேர்ந்துவிட்டது.

எடுத்துச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. எனக்கு யாராவது எடுத்துச் சொன்னபோது நான் கேட்டதும் கிடையாது. அதனால் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினால் அதுவே பேசிக்கொள்ளும் என்று நினைத்தேன். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. படம் பேசியது. ஆனால் நான் எதிர்பார்த்ததைப் பேசவில்லை.

படத்தின் பெயர் "ஃபேக் ஃபேமஸ்". நிக் பில்டன் இயக்கியது, 2021 பிப்ரவரியில் எச்.பி.ஓ.வில் வந்தது. பில்டன் அடிப்படையில் பத்திரிகையாளர். நியூயார்க் டைம்ஸில் தொழில்நுட்பம் பற்றி எழுதியவர், ட்விட்டர் பிறந்த கதையைப் புத்தகமாகப் போட்டவர். இந்தப் படத்தில் அவர் ஒரு பரிசோதனை செய்கிறார். "பிரபலமாக ஆசையா?" என்று கேட்டு லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அறிவிப்பு கொடுக்க, சுமார் 4,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். அதில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கிறார். நடிகையாக விரும்பும் டொமினிக், ஆடை வடிவமைப்பாளராக விரும்பும் கிறிஸ், ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் வைலி. மூவருக்கும் இன்ஸ்டாகிராமில் சில ஆயிரத்துக்குள்தான் ஆட்கள். பில்டன் காசு கொடுத்துப் பின்தொடர்பவர்களை வாங்கித் தருகிறார். எல்லாம் பாட், அதாவது ஆளில்லாக் கணக்குகள். ஆள் மட்டும் ஏறி லைக் ஏறாவிட்டால் சந்தேகம் வருமே, அதனால் லைக்கும் வாங்குகிறார். லைக் ஏறி கமெண்ட் இல்லாவிட்டாலும் சந்தேகம் வருமே, அதையும் வாங்குகிறார்.

பிறகு பகட்டான வாழ்க்கைக்குப் படம் எடுக்கிறார்கள். இந்தப் பகுதி உண்மையிலேயே சிரிப்பு. டாய்லெட் சீட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டைக்குப் பின்னால் ஒரு வானக்காட்சியை வைத்தால் விமான ஜன்னல். குழந்தைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் பூவிதழைப் போட்டுத் தலையைச் சாய்த்தால் நட்சத்திர விடுதி ஸ்பா. தனி விமானம் வேண்டுமா? விமானத்தின் உட்புறம் மாதிரியே செட் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோ இருக்கிறது. மெல்ரோஸ் அவென்யூவில் ஒரு துணிக்கடையின் இளஞ்சிவப்புச் சுவருக்கு முன்னால் உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் முறைபோட்டு நின்று படம் எடுத்துக்கொள்ளும் காட்சியும் உண்டு. சுவரில் ஒன்றும் கிடையாது. வெறும் சுவர்.

கிறிஸுக்கு இந்தப் பொய் ஒத்துக்கொள்ளவில்லை. திறமைக்காகத் தெரிந்தால் போதும் என்று விலகிவிடுகிறார். வைலிக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ, என்ன நினைப்பார்களோ என்று உள்ளுக்குள்ளேயே நொந்து அவரும் விலகுகிறார். படத்தில் எனக்கு மனதில் நின்றவர் அவர்தான். டொமினிக் மட்டும் தொடர்கிறார். எண்ணிக்கை லட்சங்களுக்குப் போகிறது. கம்பெனிகள் இலவசமாகப் பொருள் அனுப்ப ஆரம்பிக்கின்றன. பிறகு கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார வைக்கிறது.

படம் முடிந்ததும் மருமகள் பக்கம் திரும்பினேன். (அக்கா மகள். பெயர் போட்டால் சண்டைக்கு வருவாள்.) முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, இதுல யாருமே ஒரு வீடியோ கூட எடிட் பண்ணலையே?"

அந்தக் கேள்வியோடுதான் அன்றிரவு மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒன்றரை மணி நேரப் படத்தில் அந்த மூவரும் எதையும் தாங்களாகச் செய்வதே இல்லை. யோசனை இயக்குநருடையது, புகைப்படக்காரர் இயக்குநர் கொண்டுவந்தவர், பார்வையாளர்கள் விலைக்கு வாங்கியவர்கள். தோற்றால் இழப்பும் இயக்குநருக்கே.

என் வேலையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். புதிதாக ஒரு தளம் கட்டி முடித்ததும் லோட் டெஸ்ட் செய்வோம். நிஜப் பயனர்கள் மாதிரி பத்தாயிரம் போலிக் கோரிக்கைகளை அனுப்பி, சர்வர் தாங்குகிறதா என்று பார்ப்பது. தாங்கினால் சர்வரைப் பற்றி ஒன்று தெரியவரும். அந்தத் தளம் யாருக்காவது வேண்டுமா, கட்டியவன் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பதெல்லாம் அதில் தெரியாது. பில்டன் செய்தது லோட் டெஸ்ட். இன்ஸ்டாகிராமின் எண்ணிக்கைப் பெட்டி போலி உள்ளீட்டை ஏற்றுக்கொள்கிறது என்று காட்டினார். விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனிக்கு அந்தப் போலிகளைத் துடைத்தெறிய அவசரம் இருக்காது என்றும் சொல்கிறார். இரண்டுமே நல்ல பக் ரிப்போர்ட்கள். ஆனால் அதிலிருந்து அவர் தாவுகிற இடம் வேறு. இந்தத் தொழிலே பித்தலாட்டம், உள்ளே ஒன்றுமில்லை என்கிற முடிவுக்குப் படம் போகிறது. வேலையைப் பரிசோதனையிலிருந்து முதலிலேயே எடுத்துவிட்டு, கடைசியில் "பாருங்கள், வேலையே இல்லை" என்றால் எப்படி?

இன்னொரு சிக்கல், படத்தின் தப்பு என்று சொல்ல முடியாது, நேரக்கோளாறு. இன்ஸ்டாகிராம் 2020இல் ரீல்ஸைக் கொண்டுவந்தது. டிக்டாக் வழியில், நீங்கள் பின்தொடராதவர்களின் வீடியோவும் உங்கள் முன் வந்து விழ ஆரம்பித்தது. அதன்பின் பின்தொடர்பவர் எண்ணிக்கைக்குப் பழைய மரியாதை இல்லை. எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்பதுதான் கணக்கு. பாட்டை வாங்கினால் இப்போது உங்களுக்கே ஆபத்து. செத்த கணக்குகள் ஒரு லட்சம் இருந்து நிஜமாகப் பார்ப்பவர் முந்நூறு பேர் என்றால் உங்கள் விகிதம் பாதாளத்துக்குப் போய்விடும். விளம்பரம் தருகிறவர்களும் இன்று உள்பக்கப் புள்ளிவிவரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைக் கேட்கிறார்கள். படம் வெளியான அன்றே அதன் அளவுகோல் பழசாகிக்கொண்டிருந்தது.

சரி, அப்படியென்றால் இந்த வேலையில் என்னதான் இருக்கிறது? இதற்கு ஆராய்ச்சியாளர்கள் பக்கம் போனேன். படத்தைவிட நல்ல தீனி அங்கேதான் கிடைத்தது.

எமிலி ஹண்ட் எழுதிய "தி இன்ஃப்ளுயன்சர் இண்டஸ்ட்ரி" (பிரின்ஸ்டன், 2023) இந்தத் தொழிலின் பிறப்பை 2008 பொருளாதார வீழ்ச்சிக்கு அருகில் வைக்கிறது. பத்திரிகை, ஃபேஷன், விளம்பரத் துறைகளில் வேலை ஆட்டம் கண்டபோது, படித்த பலர் ப்ளாக் எழுத ஆரம்பித்தார்கள். சோம்பேறித்தனம் அங்கே காரணம் இல்லை, வேலைச் சந்தைதான் காரணம். 2009லேயே அமெரிக்க வணிக ஆணையம், காசோ பொருளோ வாங்கிக்கொண்டு எழுதினால் ப்ளாகர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தன் வழிகாட்டு நெறிகளை மாற்றியது. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு. சிங்கப்பூரில் கதை இன்னும் பழசு. அங்கே 2000களின் நடுவிலேயே இளம்பெண்கள் தங்கள் ப்ளாகில் துணி விற்றார்கள், தாங்களே மாடலாக நின்றார்கள். அந்த ப்ளாக் கடைகளிலிருந்து வளர்ந்த தலைமுறையைத்தான் கிரிஸ்டல் அபிடின் என்ற ஆய்வாளர் வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்த்து எழுதினார்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தமிழ்மணம் காலம் ஞாபகம் வந்தது. அப்போது பதிவு எழுதிய எல்லாருக்கும் தெரியும். திரட்டியில் நம் பதிவு மேலே நிற்க வேண்டும், பின்னூட்டம் எண்ணிக்கை ஏற வேண்டும், ஒரு வாரமாவது நட்சத்திரப் பதிவராக வேண்டும். நீ எனக்குப் பின்னூட்டம் போட்டால் நான் உனக்கு, கல்யாண வீட்டு மொய் மாதிரி. காசு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் அதை இலக்கியச் செயல்பாடு என்று சொல்லிக்கொண்டோம். (இந்த ப்ளாகுக்கு இப்போது தினம் நாற்பது பேர் வருகிறார்கள். அதில் சிலர் கூகுளின் பாட்.)

ப்ரூக் எரின் டஃபி 2017இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பையே "பிடித்ததைச் செய்து சம்பளம் (வாங்காமல்) இருப்பது" என்று தமிழாக்கலாம். ஃபேஷன், அழகுக் குறிப்பு எழுதிய பல டஜன் பெண்களிடம் பேசி எழுதியது. என்றோ ஒருநாள் வரப்போகிற வருமானத்தை நம்பி இன்று இலவசமாக உழைப்பது, அந்த உழைப்பையும் "ஜாலியாகச் செய்கிறேன்" என்று காட்டிக்கொள்வது. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் "ஆசை உழைப்பு" என்று சொல்லலாம். பலருக்கு அந்த ஒருநாள் வருவதே இல்லை. படம் வேறெங்கோ தேடிய சோகம் இங்கே இருக்கிறது. பித்தலாட்டக்காரர்கள் ஜெயிப்பது ஒருபக்கம் இருக்கட்டும், நேர்மையாக வேலை செய்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் கூலி கிடைக்கிறது, மீதிப் பேரின் உழைப்பில் தளம் ஓடுகிறது.

அடுத்த ஞாயிறு மருமகள் வீடியோ எடுப்பதைக் கூட இருந்து பார்த்தேன். பழைய புடவையை வெட்டிச் சுடிதாராகத் தைத்துக் காட்டுவதுதான் அவள் கணக்கு. பின்தொடர்பவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஐம்பது விநாடி வீடியோ. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தாள். மொட்டைமாடியில் வெயில் ஏறினால் துணியின் நிறம் வெளுத்துத் தெரியும் என்பதால் அவசரம். தையல் மெஷினை இரண்டு பேர் மேலே தூக்கினோம். ஒருவர் நான். மூன்று கோணத்தில் எடுத்தாள். முதல் மூன்று விநாடியில் ஆள் நிற்காவிட்டால் மீதி வீண் என்று அந்த மூன்று விநாடியை மட்டும் பதினோரு தடவை எடுத்தாள். ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுகிற மாதிரி ஒரு இடம் வந்தது. போகட்டும், அடுத்த டேக்கில் சரியாகிவிடும் என்றேன். "இல்ல மாமா, அந்தத் தடுமாற்றம் வேணும். அப்பத்தான் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கும்" என்று தடுமாற்றத்தை மறுபடி எடுத்தாள். அபிடின் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார். "அளந்து போட்ட அரைகுறைத்தனம்" என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். படித்தபோது சற்று மிகை என்று நினைத்தது, மாடியில் கண்முன்னால் மூன்று டேக்காக நடந்தது.

மதியம் வெட்டி ஒட்டுதல், எழுத்துப் போடுதல், குரல் பதிவு. போடும்போது மணி நாலு. ஆனால் போடவில்லை. ஏழரைக்குத்தான் போட வேண்டுமாம்.

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க மாமா. ஏழரைக்குப் போட்டாத்தான் ரீச்சு."

சோஃபி பிஷப் என்ற ஆய்வாளர் 2019இல் யூடியூபர்களை வைத்து எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தளம் எப்படி முடிவெடுக்கிறது என்று கம்பெனி சொல்லாது. அதனால் அதை நம்பிப் பிழைப்பவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி ஒரு விதித்தொகுப்பை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அல்காரிதம் பற்றிய ஊர்ப்பேச்சு. பிஷப் அதை மட்டமாகப் பார்க்கவில்லை, அதுவும் ஓர் அறிவு என்கிறார். ஏழரைக் கணக்கைக் கேட்டு நானும் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாத வெளிக் கம்பெனியின் ஏ.பி.ஐ.யோடு மாரடித்த நாட்களில் நாங்களும் "செவ்வாய்க்கிழமை டெப்ளாய் பண்ணாதே" என்றுதான் இருந்தோம். காரணம் யாருக்கும் தெரியாது.

இனி காசு. படம் இலவச மூக்குக் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்ட இடம். யூடியூபில் 1,000 சந்தாதாரர், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வை இருந்தால் வழக்கமான வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் தருவார்கள். இன்ஸ்டாவில் அப்படி நம்பி உட்காரும் பங்கு கிடையாது. கம்பெனிகள் தரும் விளம்பரம்தான் வழி, ஆரம்பத்தில் அதுவும் பண்டமாற்று. மருமகளுக்கு ஒரு துணிக் கம்பெனியிலிருந்து செய்தி வந்திருந்தது. எழுநூறு ரூபாய் மதிப்புள்ள குர்த்தா அனுப்புவோம், ஒரு ரீலும் இரண்டு ஸ்டோரியும் போட வேண்டும். குஷியாக இருந்தாள். இணைப்பில் இருந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தை அவள் திறக்கவில்லை. நான் திறந்தேன். படிக்காமல் "ஏற்கிறேன்" அழுத்துகிற உலகத்தைக் கட்டுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தப் பக்கங்களை மட்டும் விடாமல் படிப்பேன்.

நாலாவது ஷரத்து: அந்த வீடியோவை, அவள் முகத்தோடு, கம்பெனி எந்த ஊடகத்திலும் எக்காலத்துக்கும் விளம்பரமாக ஓட்டிக்கொள்ளலாம். ஆறாவது: தொண்ணூறு நாள் வேறு எந்தத் துணிக் கம்பெனிக்கும் அவள் வேலை செய்யக்கூடாது. பழைய புடவையைத் தைப்பவளுக்குத் துணியைத் தவிர வேறு யார் விளம்பரம் தருவார்கள்? எழுநூறு ரூபாய்க்கு மூன்று மாதத் தொழிலையும் ஆயுள்கால முகத்தையும் கேட்கிறார்கள்.

சட்டப் பக்கமும் அவளுக்குச் சொன்னேன், எனக்கே அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்தது. 2021 ஜூன் முதல் இந்திய விளம்பரத் தர ஆணையத்தின் விதிப்படி, இலவசப் பொருள் வாங்கிப் போட்டாலும் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும். 2022 ஜூலையில் வருமான வரியில் 194ஆர் என்ற பிரிவு வந்தது. ஒரு வருடத்தில் ஒருவர் தரும் இலவசங்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம். பொருளைப் படமெடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கில் வராது, வைத்துக்கொண்டால் வரும். படத்தில் டொமினிக் வீட்டு வாசலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் காட்சியை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. யாரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. எங்கே அந்தத் தாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அதில் ஒன்று. சிற்றூர்களிலிருந்து லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அடுத்த நாள் கையில் ஒன்றுமில்லை. தடை சரியா தப்பா என்பது வேறு விவாதம். வருடக்கணக்கில் சேர்த்தது அடுத்தவன் சர்வரில் இருந்தது. இதை அவளிடம் சொன்னபோது மட்டும்தான் மறுபேச்சு வரவில்லை.

பில்டனுக்கு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை மனிதனை என்ன செய்கிறது என்பதை அந்தப் படம் பிடித்திருக்கிறது. வைலி போனைப் பார்க்கும் முகம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. ஏழரைக்குப் போட்ட வீடியோவை மருமகள் எட்டு மணிக்குள் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டில் கை நின்றுகொண்டே இருந்தது. வைலிக்கு இருந்த பயம் போலி எண்ணிக்கை பற்றியது. இவளுடையது நிஜ எண்ணிக்கை. வித்தியாசம் அந்த முகத்தில் தெரியவில்லை. பில்டன் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் நல்ல படம் எடுத்திருப்பார். அவருக்கு அடுத்த டாய்லெட் சீட் தமாஷுக்கு அவசரம்.

கிளம்பும்போது அக்கா பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். "என்னடா சொன்னே அவகிட்ட?" என்றாள். வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை, அது ஒரு வேலைதான், கூலிதான் சரியில்லை என்றேன். அக்காவுக்குத் திருப்தி இல்லை. "பனியன் கம்பெனியிலயும் அதுதானே" என்று மட்டும் சொன்னாள்.

மருமகள் அந்தக் கம்பெனிக்குப் பதில் எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை, அவளே எழுதியது. வீடியோவை மூன்று மாதம் மட்டும் பயன்படுத்தலாம், மற்ற கம்பெனிகளுக்குத் தடை கூடாது, குர்த்தாவோடு ஆயிரத்தைந்நூறு ரூபாயும் வேண்டும் என்று. இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. செய்தியைப் படித்துவிட்டார்கள் என்று காட்டுகிறது, பதில் இல்லை.